நகரத்தை விட்ட நாள்

நார்த்மீட், சிட்னி
9 மார்ச் 2025

அன்புள்ள யோகராணி அக்காவுக்கு,

கடிதத்தைக் கண்டு பயப்பிட வேண்டாம், நான் சுகம். போனிலை நீங்கள் ஹலோ எண்டால் உங்கடை தங்கச்சி மிருணாளினி கதைக்கிற மாதிரியே இருக்கு. பிறகு எனக்கு வாய் வராது. அதாலைதான் எழுதுறன்.

ஒரு உதவி. போன வருசம் பாதியிலை நியூயோர்க்கை விட்டு இங்கை வந்ததாலை, அங்கத்தைய வரிப் பத்திரம் இன்னும் முடியேல்லை. அங்கை மாநிலத்துக்கு ஒரு வருமான வரி, அதுக்கு மேலை நகரத்துக்கெண்டு தனியா இன்னொண்டு. நகரத்திலை எந்த நாள் வரைக்கும் இருந்தமோ அந்த நாள் வரைக்கும்தான் நகர வரி. மிருணாளினிக்கும் சேர்த்து நான்தான் போட வேணும். அவவின்ரை பேருக்குப் பக்கத்திலை இறந்த திகதி எண்டு ஒரு பெட்டி. மூண்டு நாளாய் அதுக்குள்ளை கேர்சர் மினுங்கிக்கொண்டு நிக்குது.

செத்தவீடு முடிஞ்சு நியூயோர்க் குவீன்ஸிலை எங்கடை வீட்டை ஒதுக்கேக்கை நீங்கள் மெல்பேணுக்குக் கொண்டுபோன சாமானுக்குள்ளை ஒரு நீல ஃபைல் இருக்கும். எங்கடை சம்பளப் பத்திரங்களும் ஒஃபீஸ் கடிதங்களும். அதை அப்பிடியே தபாலிலை அனுப்பி விடுவியளோ? திறந்து பார்த்து மினக்கெட வேண்டாம்.

மாமியைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ.

அனோஜன்


டண்டினோங், மெல்பேண்
17 மார்ச் 2025

அன்பான தம்பி அனோஜனுக்கு,

முத்திரை ஒட்டின கடிதம் இந்த வீட்டுக்கு வந்து எத்தினை வருசம். அம்மா ஏதோ கோட்டு வழக்குக் கடிதமெண்டு நினைச்சுச் சாமிப்படத்துக்கு முன்னாலை வைச்சிட்டா.

சாப்பிடுறீரோ? உமக்குக் கிட்ட பிளாக்டவுனிலை இருக்கிற என்ரை சிநேகிதி ரஞ்சினி உம்மைக் கடையிலை கண்டவவாம். கூடைக்குள்ளை பாணும் முட்டையும்தானாம். "உன்ரை மச்சான் என்னைக் கண்டிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சிட்டாரடி" எண்டு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஃபைலைத் தபாலிலை விட்டால் துலைஞ்சிடும். பதினாறு வருசமாய் வரிக் கணக்குப் பார்க்கிற கந்தோரிலை இருக்கிறன், எனக்குப் பத்திரம் விளங்காதோ? எது எது வேணுமெண்டு எழுதும், ஸ்கான் பண்ணி அனுப்புறன். இங்கை மெல்பேணை விட்டுச் சிட்னிக்குப் போனால் ஒருத்தரும் வருமான வரியிலை கை வைக்கிறேல்லை. நீங்கள் போய் இருந்த இடம் அப்பிடி.

அம்மா இப்பவும் வாறவை போறவைக்குச் சொல்லுறது ஒண்டுதான். "மருமோனிலை பிழையில்லை. அந்தக் கொம்பனிதான் ஜூனிலையே வா எண்டு நிண்டது. இல்லாட்டி அவர் என்ரை பிள்ளையைத் தனிய விட்டிருப்பாரே." நீரும் அறிய வேணுமெண்டு எழுதுறன்.

பாணோடை நிக்காமல் சோறும் சமையும்.

அக்கா


நார்த்மீட்
23 மார்ச் 2025

அக்கா,

ஃபைலைத் திறக்க முதல் இதை வாசியுங்கோ.

அதுக்குள்ளை கொம்பனியின்ரை இடமாற்றக் கடிதம் இருக்கு. செப்டெம்பரிலை சிட்னியிலை தொடங்கினால் போதும், ஊழியர் தானே கேட்டபடியால் ஜூனுக்கு மாத்துறம் எண்டு எழுதியிருக்கு.

கேட்டது நான். அவவின்ரை ஆய்வுகூட வேலை ஓகஸ்ட் கடைசியிலைதான் முடியும், சேர்ந்து வாறதெண்டுதான் இருந்தம். நான் ஒரு எக்செல் அட்டவணை போட்டன். ஜூனிலை வெளிக்கிட்டால் என்ரை சம்பளத்துக்கு நகர வரி அரை வருசம்தான். இங்கை ஜூலையிலை புது வரி வருசம் தொடங்க, முழுச் சலுகையும் கிடைக்கும். அவவுக்குக் காட்டினன்.

"எல்லாத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறியள். எனக்கெங்கை?" எண்டா.

"பத்துக் கிழமைதானே" எண்டன்.

"சரி, போங்கோ. உங்கடை எக்செலுக்குக் குறுக்கை நான் நிக்கேல்லை."

ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி தொய்வு இழுத்து அவ மூச்செடுக்க ஏலாமல் கிடக்கேக்கை வீட்டிலை ஒருத்தரும் இல்லை. மேல்வீட்டுக்காரி அடுத்த நாள் பின்னேரம்தான் கதவைத் திறப்பிச்சவ. நான் நிண்டிருந்தால் அம்புலன்சுக்கு அடிச்சிருப்பன். அவ்வளவும்தான் செய்ய இருந்தது.

செத்தவீட்டிலை மாமி என்ரை கையைப் பிடிச்சு, "கொம்பனிக்காரங்கள் உங்களைப் பிரிச்சுப் போட்டாங்களே" எண்டு அழுதா. நான் "ஓம் மாமி" எண்டன். அண்டையிலையிருந்து அந்த ஓமைத் திருப்பி எடுக்க ஏலாமல் இருக்கிறன். ரஞ்சினி அக்காவுக்கு ஒளிச்சதும் அதுக்குத்தான்.

பத்திரத்திலை நகரத்தை விட்ட நாள் எது எண்டு கேக்குது. நான் வெளிக்கிட்டது ஜூன் இருபது. ஓகஸ்ட் பதினெட்டு எண்டு போடுவமெண்டு நினைக்கிறன். கூட வரி வரும், வரட்டும். அண்டைக்கு நான் அவவோடை இருந்தனான் எண்டு ஒரு கடதாசியிலையாவது இருக்கட்டும்.

உங்களுக்கு முன்னாலை வர முகமில்லாத
அனோஜன்


டண்டினோங்
2 ஏப்ரல் 2025

அனோஜனுக்கு,

அந்த ஃபைலை நான் திறக்கேல்லை. திறக்கத் தேவையுமில்லை. நீர் வெளிக்கிட முதலே அவள் எனக்குப் போனிலை சொன்னவள். "அக்கா, அவர் வரி மிச்சம் பிடிக்கப் போறார். நான் இரண்டு மாதம் கட்டில் முழுக்க நீட்டி நிமிர்ந்து படுக்கப் போறன்." சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள். நானும் சிரிச்சன். தொய்வுக்காரியைத் தனிய விடாதையும் எண்டு உமக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம், நான் எடுக்கேல்லை.

அதாலை நீர் போனதுக்கு உம்மோடை சண்டை பிடிக்க எனக்கு வாயில்லை. ஆனால் அம்மாவுக்கு "ஓம்" எண்டேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான். அதுக்கு ஏழு மாதமாய் உம்மிலை கோவம். நீராய்ச் சொல்லுவீரெண்டு பார்த்துக்கொண்டிருந்தன். அம்மா சொல்லித் திரியிறதை எழுதினது உமக்கு ஆறுதலுக்கில்லை. மன்னிச்சிட்டன் எண்டு இப்ப எழுதமாட்டன். அது எனக்கு இன்னும் வரேல்லை.

திகதி விசயம். பொய்த் திகதி போடுற ஆக்களைக் கந்தோரிலை நிறையக் கண்டிட்டன். கூடக் கட்டுறதுக்காகப் போடுற முதல் ஆள் நீர்தான். அண்டைக்கு அவள் தனியத்தான் இருந்தவள், அனோஜன். அதைக் கடதாசியிலை மாத்த உமக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. ஜூன் இருபது எண்டு போடும்.

அம்மாவுக்கு நான் சொல்லமாட்டன். கடிதமும் எழுத வேண்டாம், என்னைத்தான் வாசிக்கச் சொல்லுவா. பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை நேரிலை வந்து நீரே சொல்லும், எயார்போட்டுக்கு நான் வாறன். அம்மா கேட்டிட்டு எழும்பி அறைக்குள்ளை போகக்கூடும். போய்க் கதவைச் சாத்தினாலும் நீர் பயத்திலை வெளிக்கிட வேண்டாம். அவ திரும்பி வருமட்டும் இரும்.

யோகராணி