மஞ்சள் பூசிய டிராக்ஸ்டர்

அன்புள்ள உங்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதீர்கள். கிரேனை விட்டு இறங்கி, சாப்பிட்டு முடித்த பிறகு படியுங்கள். கோபத்தில் இருக்கிறவள் எதற்கு இதையெல்லாம் சொல்கிறாள் என்று சிரிக்க வேண்டாம்.

போனிலேயே கத்தியிருக்கலாம். ஆனால் மாமா எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார். இப்போதும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறார். மகனுக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது, பல்செட் லேப் வேலை ஏதோ எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களாமே? உங்கள் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தம்பி உன்கிட்ட சொல்லலையா? ஐயோ, நான் உளறிட்டேனா?" என்று பதறினார். அவர் சொன்னாரே, நான்தான் மறந்துவிட்டேன் என்று சமாளித்தேன். கட்டிக்கொண்டவளுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு செய்தி வருகிறது. உங்களுக்காக நான் பொய் சொல்லவும் வேண்டியிருக்கிறது. நான் என்ன இந்த வீட்டுக்கு வாட்ச்மேனா?

போனை வைத்ததும் என் கண்ணில் பட்டது பீரோ மேல் இருந்த உங்கள் பெட்டிதான். கல்யாணமான புதிதில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தீர்களே, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டுகிற டிராக்ஸ்டர் கார் மாடல் கிட். நம் இருவரைவிட வயதில் மூத்தது, சீல்கூடப் பிரிக்காதது. நேர்கோட்டில் கால் மைல் பறந்துவிட்டு, பாராசூட் விரித்து நிற்கிற பந்தயக் கார் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். நிதானமாக உட்கார்ந்து கட்ட வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று பீரோ மேல் ஏற்றிவிட்டுத் துறைமுக வேலைக்குப் போனீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு போனிலும் "பொட்டி பத்திரமா இருக்கா?" என்ற கேள்வி மட்டும் தவறுவதே இல்லை. நான் பத்திரமாக இருக்கிறேனா என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்?

உடைக்கத்தான் எடுத்தேன். மறைக்க மாட்டேன். லேபில் மெழுகு சீவும் கத்தியால் சீலைக் கிழித்தேன்.

உள்ளே பார்த்தால், எனக்கு முன்னால் வேறு யாரோ உடைத்த மாதிரி இருந்தது. பின்பக்கத்துப் பெரிய டயர் இரண்டும் காரின் உடம்புமேல் சாய்ந்தபடி கிடந்திருக்கின்றன. அத்தனை வருடமும் டயரிலிருந்து எண்ணெய் கசிந்து, பிளாஸ்டிக்கை உருக்கி, டயர் தடம் அப்படியே பள்ளமாக இறங்கிவிட்டது. பிரித்தெடுத்தபோது ஒரு துண்டு டயரோடு பிய்ந்து வந்தது. பிரிக்காமல் வைத்தால் அப்படியே இருக்கும் என்று எந்தப் புண்ணியவான் உங்களுக்குச் சொன்னான்? தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமா கூப்பிட்டபோது ஜலதோஷம் என்றேன்.

அழுது முடித்ததும் ஒரு வெறி வந்தது. இதைக் கட்டிக் காட்டாமல் விடுவதில்லை என்று. எனக்குத் தலைக்கனமும் இருந்தது. தினமும் லேபில் பல்செட் செய்கிறவளுக்கு இந்தப் பள்ளம் ஒரு பொருட்டா? பல்செட் பொடியை அதற்கான திரவத்தில் குழைத்துப் பள்ளத்தில் அப்பினேன். கண்ணெதிரே காரின் மூக்கு வெண்ணெய் மாதிரி இளகிக் கோணிக்கொண்டது. வாய்க்குள் போகிற பிளாஸ்டிக் வேறு, இது வேறு என்று யோசிக்கக்கூட விடவில்லை என் கோபம். கோணிய மூக்குக்கும் சேர்த்து உங்களைத்தான் திட்டினேன்.

அப்புறம் முறையாகக் கேட்டறிந்து பள்ளம் அடைக்கிற பட்டி வாங்கி வந்தேன். பூசுவது, காயவிடுவது, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது. லேபிலிருந்து வந்ததும் இதே வேலை. தேய்க்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முதல் தடவை நீட்டித்தபோது என்னைக் கேட்டீர்கள். இரண்டாம் தடவை தகவல் சொன்னீர்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை. இந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்த மூக்கு இவ்வளவு வழவழப்பாக வந்திருக்காது.

இன்ஜின் என்னை இன்னும் படுத்தியது. வெள்ளி மாதிரி மின்னுகிற புகைக்குழாய்களை ஒட்டி வைப்பேன், காலையில் பார்த்தால் கொட்டிக் கிடக்கும். மேலே பூசியிருக்கிற பளபளப்பில் பசை பிடிக்காதாம். ஒட்டுகிற இடத்தில் அதைச் சுரண்டிவிட்டு அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கில்தான் ஒட்ட வேண்டுமாம். சுரண்டிச் சுரண்டி என் கட்டைவிரல் தோல் உரிந்தது. நாமும் போனில் பளபளப்பாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அப்பா நல்லா இருக்காரா, நல்லா இருக்கார். அதில் என்ன ஒட்டும்?

மாமாதான் எனக்குத் துணை. லாரி ஓட்டிய கை, சும்மா இருக்குமா? ஒவ்வொரு பாகத்தையும் வாங்கித் தடவிப் பார்ப்பார். "பின்னாடி யானைக்கால், முன்னாடி சைக்கிள் சக்கரம். இவனுக்குப் புடிச்ச வண்டியைப் பாரு" என்று சிரித்தார். வண்டியின் சட்டம் முழுவதும் விரலால் அளந்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு நீள வண்டிக்கு ஒத்தை சீட்டுதானா? பொண்டாட்டிய எங்க உட்கார வைப்பான்?" என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

பெட்டிப் படத்தில் இருக்கிற கருஞ்சிவப்புதான் அடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நான் மஞ்சள் அடித்திருக்கிறேன், பளிச்சென்று கண்ணைக் குத்துகிற மஞ்சள். கத்துவதானால் கத்துங்கள். ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுக் கத்துங்கள்.

சிவப்பை மாமாவால் பார்க்க முடியாது.

இனி அந்தப் பளபளப்பைச் சுரண்டியே விடுகிறேன். மாமாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும் நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொட்டு மருந்து வேளை தவறாமல் விடுகிறேன். வீடியோவில் அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் குரல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். "என்னடா, மெலிஞ்சிட்ட" என்று அவர் சொல்வதெல்லாம் உங்கள் குரலை வைத்துத்தான். நான் இந்தக் கடிதத்தை அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுத முடிவதும் அதனால்தான்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவன் அத்தனை உசரத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். இதை நினைச்சுக் கை தப்பிடுச்சுன்னா?" என்றார். அந்தப் பயத்தில் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் இந்த வருடம் வந்துவிடுவீர்கள், வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பொறுத்திருந்தேன். இரண்டு வருடம் என்று உங்கள் அக்கா சொன்ன நிமிடம் அந்தச் சத்தியம் செல்லாமல் போய்விட்டது. யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

நேற்று வண்டியை முடித்து, கறுப்புத் துணி விரித்து, ஜன்னல் ஓரம் வைத்தேன். மாமா குனிந்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, ஒரு கோணத்தில் வண்டியைக் கண்ணில் பிடித்துவிட்டார். "மஞ்சளா இருக்கு! தெரியுதும்மா, தெரியுது" என்று குழந்தை மாதிரிச் சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "அவன் வர்றப்ப மஞ்சச் சட்டை போட்டுட்டு வரச் சொல்லு" என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருப்பினார். நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

போட்டோ அனுப்ப மாட்டேன். பெட்டியைக் கேட்காதீர்கள், கிழித்துப் போட்டாயிற்று. கையெழுத்துப் போட்ட அதே ஆபீசில் போய் ரத்து செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால் லீவு கேளுங்கள், அதுவும் இல்லை என்றால் சண்டை போடுங்கள். அங்கே வாயே திறக்காத மனிதர் நீங்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை திறங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிடியை விடாதீர்கள். வண்டியின் வளைவு நெளிவெல்லாம் மாமாவுக்கு இப்போது விரலிலேயே மனப்பாடம். உங்கள் முகத்தையும் அப்படித் தடவித் தெரிந்துகொள்ளும்படி அவரை விட்டுவிடாதீர்கள்.

கோபம் துளியும் குறையாத,
உங்கள் மனைவி.

மஞ்சள் சட்டை அங்கே கிடைக்கும் இல்லையா? வெளிர் மஞ்சள் வேண்டாம். பளிச்சென்று இருக்கட்டும்.