பாம்பு கடிச்சதுன்னு சொன்னோம்

உத்திரமேரூர்
கார்த்திகை 12

அன்பு மகன் தணிகைவேலுக்கு நைனா எழுதறது. நானும் உங்க அம்மாவும் நல்லா கீறோம், உன் சித்தி சுலோச்சனா நல்லா இல்ல. போன்ல சொல்ற விசயம் இல்ல, அதான் பேப்பர் எடுத்தேன்.

நீ எம்.ஏ. முடிச்சிட்டு வேலைக்குப் போகாம நாடகம் எழுதறேன்னு மும்பைக்குப் போனப்போ நான் திட்டாத திட்டு இல்ல. இப்ப உன் நாடகத்தை யாரோ போன்ல புடிச்சி அனுப்பி ஊரே பார்த்துட்டுது. பேரை மாத்திட்டா தெரியாதுன்னு நெனைச்சியா, செத்தவன் உன் சித்தப்பன் ஏகாம்பரம்தான்னு முதல் சீன்லயே தெரியுது. பாம்பு கடிச்சிதுன்னு நாங்க சொல்லி வச்சது பொய், பூச்சி மருந்து குடிச்சிதான் செத்தான்னு சித்திக்கு அதைப் பார்த்துதான் தெரிஞ்சுது. அப்ப அவ பிரசவமாகி காவாந்தண்டலத்துல தாய் வூட்ல இருந்தா, பச்சை ஒடம்புக்காரி தாங்கமாட்டான்னு அப்படிச் சொன்னோம். நானும் உங்கம்மாவும் பேசினதைப் பன்னெண்டு வயசுல நீ கேட்டுக்கினு இருந்திருக்க, பாழாப்போன காது.

போன வெள்ளிக்கிழமை வந்தா. அழல. பதிநாலு வருசமா வெள்ளிக்கிழமை தவறாம புத்துக்குப் பால் ஊத்தறேனே, அவரை எடுத்துக்கினது போதும் எம் புள்ளைய வுட்டுடுன்னு கும்பிடறேனே, ஒருத்தராவது போதும் நிறுத்துன்னு சொன்னீங்களான்னு கேட்டா. கொழந்தைக்குப் பால் இல்லாத நாள்லகூட ஊத்தினாளாம். அன்னிலேர்ந்து அவ சரியா சாப்பிடறதில்ல, ஏன் குடிச்சாரு ஏன் குடிச்சாருன்னு அதே கேள்விதான்.

அதுக்கு நாடகத்துல நீ எழுதின பதில் மழை இல்லன்னு. அந்த வருசம் ஏரியில தண்ணி இருந்துதுடா. ஏரித்தண்ணி பாய்ச்ச வியாழக்கிழமை அவன் மொற. கொழந்தை பொறந்திருக்கு, என் தண்ணியைப் பார்த்துக்க அண்ணேன்னு என்னை நம்பித்தான் காவாந்தண்டலம் போனான். மூணு மொறையும் மடையை என் கழனிக்குத் திருப்பிக்கினேன். பயிர் பால் புடிக்கிற நேரம், காஞ்சி வைக்கோலாயிட்டுது. கேக்க வந்தவனை, வேலைக்கு வந்த வெளியூர் ஆளுங்க எதிர்ல, பொண்டாட்டி பின்னாடி சுத்தறவனுக்கு எதுக்குடா பயிருன்னு கேட்டேன். அன்னிக்கு மத்தியானமே மருந்தைக் குடிச்சிட்டுப் போயிட்டான். இதை உங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல. நீ இன்னாடான்னா தம்பியை மார்ல போட்டுக்கினு அழற அண்ணனா என்னை எழுதி வச்சிருக்க. அதைப் பார்த்துட்டு டீக்கடையில எழுந்து நின்னு எனக்கு எடம் தரானுங்க. பேஜாரா கீது, சோறு எறங்கல.

தையில காஞ்சிபுரத்துல போடறியாமே. சித்தி வரேன்னுட்டா. அதுக்குள்ள அந்த சீனை மாத்து. அவ மூஞ்சைப் பார்த்துச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல, என் வேசம் கட்டற உன் ஆளு மேடையில சொல்லட்டும். என் பேரையே வை.

வேளைக்குச் சாப்பிடு, கண்ட நேரத்துல தூங்காத. நீ எழுதறது நெலைச்சி நிக்கணும், நீ நல்லா இருக்கணும், அது ஒண்ணுதான் சாமிகிட்ட கேக்கறேன். மறக்காம எனக்கும் சித்திக்கும் பக்கத்துப் பக்கத்துல சீட்டு போட்டு வை. அவ எழுந்து என்னை இன்னா பண்ணாலும் யாரும் குறுக்க வரக்கூடாதுன்னு உன் ஆளுங்ககிட்ட சொல்லி வை.

உன்னைப் பெத்த நைனா
வேதாசலம்