யாரும் எங்களைக் கூப்பிடவில்லை

வேலம்பாளையம்,
8.2.2009

அன்புள்ள எப்சிக்கு,

ஸ்தோத்திரம். நீயும் ஷைனியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

பனியன் கம்பெனி இன்னும் திறக்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர் இப்போதைக்கு வராதாம். தினமும் காலையில் முதலிபாளையம் போய் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்றுவிட்டு வருகிறேன். பக்கத்து வீட்டு சாமியாத்தாள் அக்கா, "ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுல எப்பங்க வருவாங்க?" என்று உன்னைத்தான் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

இன்று ஜெபக்கூட்டத்தில் வேதம் வாசிக்கும் முறை என்னுடையது. திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை, விடியலில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுப்பாரே, அது. சண்டே ஸ்கூலிலிருந்து கேட்டதுதான். எனக்கு எப்போதும் விடியலில் வேலைக்கு வந்தவர்கள் பக்கம்தான் நியாயம் தெரியும். நைட் ஷிப்ட் பார்த்தவன் அல்லவா. சாயங்காலம்வரை சந்தையில் நின்றவர்களைச் சோம்பேறிகள் என்றே நினைத்திருந்தேன். இன்று, யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொல்லும் இடம் வந்ததும் அந்த வரியையே இரண்டு தரம் வாசித்துவிட்டேன். தைக்கிற நாளில் இடுப்பு வலிக்கும். நிற்கிற நாளில் எங்கே வலிக்கிறது என்றே சொல்லத் தெரியவில்லை, எப்சி.

சுகிர்தராஜ்


முதலூர்,
14.2.2009

ஷைனி அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். பிள்ளைக்குச் சளி தேவலை.

நீங்கள் எழுதிய பகுதியை நானும் எடுத்து வாசித்தேன். எனக்குப் பட்டது வேறு. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டதும் அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். நீங்கள் வேலை போன பிறகும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப்போய், பார்க்கில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். "முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு?" என்று எத்தனை தரம் கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஓவர்டைம்" என்றீர்கள். ஊரெல்லாம் தெரிந்த பிறகு, தண்ணிக் குழாயடியில்தான் எனக்குத் தெரிந்தது. வேலை போனதற்காகவா நான் பஸ் ஏறினேன்?

எப்சிபாய்


வேலம்பாளையம்,
20.2.2009

எப்சி,

முகம் ஏன் வாடியது என்று நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். எங்கள் தையல் லைனையே நிறுத்திய அன்று, உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். நீ மீன் குழம்பு வைத்திருந்தாய். ஷைனி முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே போயிற்று. வேலையில்லாதவனை நீ எப்படிப் பார்ப்பாயோ என்று பயம். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

சுகிர்தராஜ்


முதலூர்,
25.2.2009

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. நான் மட்டும் வாசித்தேன்.

சனிக்கிழமை புறப்பட்டு வருகிறோம். எனக்கும் தைத்த துணியைப் பார்க்கிற செக்கிங் வேலை தெரியும், நானும் வந்து கேட்டுப் பார்க்கிறேன். கிடைத்தால் போவோம். கிடைக்காத நாளில் வெளியே எங்கேயும் போய் ஒளிய வேண்டாம். இரண்டு பேரும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்போம், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு.

எப்சி