ஒரு சாண் பின்னால்

ஷிமோதா
2001 நவம்பர் 18

கிகுனோ அக்காவுக்கு, சதாயோ வணங்கி எழுதுவது.

அங்கே மலைப் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்திருக்கும். இங்கே கடற்கரையில் இப்போதுதான் ஆரஞ்சு பழுக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போன வருஷம் பெரியத்தான் தவறியபோது நானும் வந்து நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

எனக்கு உடம்பு சரியில்லை அக்கா. டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மகன் மசாதோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவனும் வெளியே வந்து, "வெறும் வயித்துப் புண்ணும்மா, சரியாயிடும்" என்றான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் காலைப் பிடித்துவிட்டான். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அதனால் ஒன்று கேட்கிறேன். சாவன்றைக்குக் கறுப்பு நாடா கட்டி வைப்பார்களே, அந்தப் படத்தை நானே தேடி எடுத்துவைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். என்னிடம் ஒரு படமும் உருப்படியாக இல்லை. ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறேன், ஒன்றில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி முகம். என் ஆயுளில் என் முகம் முகமாக வந்தது ஒரே ஒரு படத்தில்தான். எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நெகட்டிவ் உங்களிடம்தான் இருக்கும். தந்தால் என் முகத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு பத்திரமாகத் திருப்பிவிடுவேன்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்தவள்,
சதாயோ


சினோ
2001 நவம்பர் 27

சதாயோவுக்கு,

பெயருக்கு முன்னால் அன்பாக ஒரு வார்த்தை போடுவார்கள். மறதியில் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் படித்த உன் மகனை விட்டுத் திருத்திக்கொள்.

முழங்கால் வலிக்குக் குறைச்சல் இல்லை.

எந்தப் படம் என்று தெரியும் என்கிறாய். தெரியாமல் என்ன? கிழமையோடு சொல்கிறேன். 1958 ஜனவரி இருபத்தொன்று, செவ்வாய். பிற்பகல் மூன்றரை. நம் வீட்டுக் கடல்பாசி காய்ச்சும் கொட்டகை. வெளியே பனி கொட்டியதால் உள்ளே அடுப்பு வெளிச்சம் மட்டும்தான். அவர் என்னைத்தான் நிற்கச் சொன்னார். நான் கொப்பரைக்கு முன்னால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையிலேயே தலைக்கு எண்ணெய் தடவி, மாமியாருக்குத் தெரியாமல் உதட்டுக்குச் சிவப்பும் வைத்திருந்தேன். நீ வந்து என் தோளோடு ஒட்டிக்கொண்டு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாய். உன்னை யாரும் கூப்பிடவில்லை. தலையில் கட்டியிருந்தாயே, அந்தத் துண்டும் என்னுடையது. 1956 அக்டோபரில் வாங்கிக்கொண்டு போனாய். இன்னும் வந்து சேரவில்லை.

அந்த லென்ஸ் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. என் அம்மா வீட்டிலிருந்து வந்த கல்யாணப் பட்டுக் கிமோனோக்களை ஒன்றுவிடாமல் மூட்டை கட்டி ஓகாயா ஊர்க் கடையில் விற்றுவிட்டு, டோக்கியோவில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போய் வாங்கி வந்தார். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் செய்தார்களாம். வளையத்தில் 1.1 என்று வெட்டியிருக்கும். "இருட்டுல பூனைக்குத் தெரியறதெல்லாம் இதுக்கும் தெரியும் கிகுனோ" என்று குழந்தை மாதிரிக் குதித்தார். கிமோனோவில் கிழிந்து மிஞ்சிய ஒரு துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். எனக்கு முதல் சக்களத்தி அந்தக் கண்ணாடிதான். நீ இரண்டாவது.

அதன் வாயை முழுசாகத் திறந்து எடுத்தால் ஒரு விரல் கனத்துக்குத்தான் தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் பாகாய்க் கரைந்துபோகும். கரைந்தது யார்? எண்ணெய் தடவி நின்ற நான். உன் முகத்தில் கண்ணிமை மயிரைக்கூட எண்ணலாம். கன்னத்தில் ஒட்டியிருந்த பாசித் துளிகூடத் தெரிகிறது.

அதைப் போட்டிக்கு அனுப்பி முதல் பரிசும் வாங்கினார். மனைவியை ஆவியாக்கிவிட்டுப் பின்னால் நிற்பவளைப் பிடித்த துணிச்சலுக்காம், அப்படித்தான் நடுவர்கள் பத்திரிகையில் எழுதினார்கள். ஊர்க் குளியல் கூடத்தில் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள், "ஏண்டி கிகுனோ, உன் ஓரகத்தி உயிரோட இருக்கா, நீ மட்டும் ஏன் செத்தவ மாதிரி நிக்கிற?" எல்லாரும் தண்ணீர் தெறிக்கச் சிரித்தார்கள். நீயும் அந்தத் தொட்டியில்தான் இருந்தாய். சிரித்தாயா என்று ஆவியில் தெரியவில்லை. சிரித்தாய் என்றே வைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒரே ஒரு தரம் கேட்டேன். "படம் நல்லாத்தானே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். எதைப் பார்த்தாரோ அது தெளிவாக வந்தது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

நெகட்டிவ் இருக்கிறது. தர மாட்டேன்.

கிகுனோ


ஷிமோதா
2001 டிசம்பர் 6

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மசாதோவிடம் கொடுக்கவில்லை, பிழை எதுவும் இல்லை. அந்தத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும்.

பெரியத்தான் என்னை ஒரு நாளும் தப்பாகப் பார்த்தவரில்லை. என் வீட்டுக்காரர் ரிகிஸோவின் சாம்பல் மேல் ஆணையாகச் சொல்கிறேன். கருவி என்றால் பழுதும் இருக்கும்தானே அக்கா? அன்றைக்கு அந்த லென்ஸ் சரியாக இல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

இங்கே காய்ந்த மீனும் கொஞ்சம் ஆரஞ்சும் அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

சதாயோ


சினோ
2001 டிசம்பர் 29

சதாயோவுக்கு,

மீன் உப்பு அதிகம். ஆரஞ்சைப் பேத்தி மிஹோ தின்றுவிட்டாள்.

லென்ஸ் மேல் பழி போடுகிறாய். சரி, பார்த்துவிடுவோம் என்று பெட்டியைத் திறந்தேன். அவர் இருந்தவரை என்னைத் தொட விட்டதில்லை. ஆனால் பிலிம் மாட்டுவதை ஓரக்கண்ணால் நாற்பது வருஷம் பார்த்திருக்கிறேன். முதல் பிலிமை மாட்டி ஊரெல்லாம் முப்பத்தாறு படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் வெள்ளைச் சுவர் மாதிரி ஒன்றுமே இல்லை. பிலிம் நுனி உருளையில் மாட்டவே இல்லையாம். மிஹோ தரையில் உருண்டு சிரித்தாள். "பாட்டி, காத்தைப் படம் பிடிச்சிட்டீங்க!"

இரண்டாவது பிலிமுக்குப் பழைய கொட்டகையிலிருந்த டிராக்டரை வெளியே தள்ளச் சொன்னேன். நான் நின்ற இடத்தில் மிஹோவையும், நீ நின்ற இடத்தில் என் மருமகளையும் நிற்க வைத்தேன். அதே மூன்றரை மணி. அடுப்புக்குப் பதில் ஒரு நாற்பது வாட் பல்பு. லென்ஸ் வாயை முழுசாகத் திறந்தேன். கேமராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தால் இரண்டு மிஹோ தெரிகிறாள், ஒருத்தி மஞ்சளாக, ஒருத்தி சாதாரணமாக. வளையத்தைத் திருகத் திருக மஞ்சள்காரி நகர்ந்து வந்து மற்றவள் மேல் ஏறுகிறாள். இரண்டும் ஒன்றாகிற இடத்தில் அழுத்தவேண்டும். மூச்சு விட்டால் தப்பிப்போகிறது. கை நடுங்கினால் தப்பிப்போகிறது. ஒரு படத்துக்கு நான் அவள் கண்ணையே பார்த்தது பார்த்தபடி நின்றேன். "பாட்டி, எனக்கு வெக்கமா இருக்கு, சீக்கிரம்!" என்கிறாள் அவள்.

கடைக்காரன் படத்தைத் தருவதற்கு முன் லென்ஸை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். "இதை நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன் பாட்டி. விக்கிறதா இருந்தா என்கிட்டதான் முதல்ல சொல்லணும்." நான் படத்தைக் காட்டு என்றேன்.

மிஹோவின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. மருமகள் மாவாய்க் கரைந்திருக்கிறாள். "என்ன அத்தை, என்னை இப்படி அழிச்சிட்டீங்க?" என்று அவளுக்கு மூன்று நாள் கோபம்.

ஆக, லென்ஸ் சொன்னபடி கேட்கிறது. எங்கே பார்த்தோமோ அங்கேதான் விழுகிறது. அவர் உன்னைத்தான் பார்த்தார். அவ்வளவு நேரம், மூச்சை அடக்கிக்கொண்டு, உன்னைப் பார்த்தார். இதுவரை எனக்கு அது வெறும் சந்தேகம். இப்போது எவ்வளவு நேரம் பார்த்திருப்பார் என்றும் தெரிந்துபோயிற்று. உன்னால்தான்.

படம் ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். நெகட்டிவ் பற்றி இனி எழுதாதே.

கிகுனோ


ஷிமோதா
2002 ஜனவரி 15

அக்காவுக்கு,

இதைப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

மிஹோ உங்கள் சாடை. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. லென்ஸ் இப்போது சரியாக இருக்கிறது. அன்றைக்குச் சரியாக இல்லை. எனக்குத் தெரியும்.

1958 மார்ச்சில் பெரியத்தான் பரிசு வாங்க டோக்கியோ போனாரே, அப்படியே கேமராவோடு லென்ஸையும் அதைச் செய்த பட்டறைக்கு எடுத்துப்போனார். எடுக்கிற படமெல்லாம் பிசகுகிறது என்று அவருக்கே சந்தேகம். அங்கே பரிசோதித்துவிட்டு, லென்ஸும் கேமராவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஜன்னலில் பார்க்கிற இடத்துக்கு ஒரு சாண் பின்னால்தான் தெளிவு விழுகிறது என்றார்களாம். அன்றே சரிசெய்து கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது நீங்கள் உங்கள் அப்பாவின் திவசத்துக்கு அம்மா வீடு போயிருந்தீர்கள். என்னையும் ரிகிஸோவையும் உட்காரவைத்துச் சொன்னார். "துணிச்சல்னு பத்திரிகையில எழுதிட்டாங்க. பழுதுன்னு இப்ப எப்படிடா சொல்றது? ஊரே சிரிக்கும். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க. கிகுனோகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவர் சொல்லவில்லை என்பது, நீங்கள் கிணற்றடியில் என் வாளியை நகர்த்தி வைத்த அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. ஒரு வாக்கியம் போதும், நான் சொல்லியிருக்கலாம். நாங்கள் ஷிமோதாவுக்கு வரும்வரை இன்னும் இரண்டு வருஷம் ஒரே கொப்பரையில் துடுப்புப் போட்டோம். சொல்லவில்லை.

ஏன் என்றால் அந்த வீட்டில் எல்லாமே உங்களுடையது அக்கா. மாமியாரின் சாவி, அடுப்படி, பெரியத்தானின் சிரிப்பு, நான் கட்டியிருந்த துண்டுகூட. ரிகிஸோ என்னை ஏறிட்டுப் பார்த்தவரில்லை, பாசியைத்தான் பார்த்தார். அந்தப் படம் வந்த பிறகு தெருவில் போனால் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்களைப் பார்த்து நான் எரிந்தது போக, ஒரு தடவையாவது நீங்கள் என்னைப் பார்த்து எரியட்டும் என்று அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அது எனக்கு இனித்தது. ஷிமோதாவுக்கு வந்த பிறகும் இனித்தது.

நெகட்டிவ் வேண்டாம். மசாதோ ஏதாவது ஒரு படத்தை வைத்துக்கொள்வான்.

சதாயோ


சினோ
2002 ஜனவரி 24

சதாயோ,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் உன்னைத் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்று எழுத எனக்கு எழுத்து போதாது. அடுத்த மூன்று நாள் அவரைத் திட்டினேன். மாடத்தில் அவருக்கு வைக்கிற காலைச் சோற்றை வைக்கவில்லை. "தாத்தாவுக்குச் சோறு?" என்று மிஹோ கேட்டாள். "பரிசு வாங்கினாரில்ல, அதைத் தின்னட்டும்" என்றேன்.

இன்று காலை வயலில் பாசிக் கட்டிகளை உறைபனியில் காயப் பரப்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன், இந்த முழங்காலோடு.

பார்க்கிற இடத்துக்கு ஒரு சாண் பின்னால் விழுகிறது என்றுதானே பட்டறைக்காரன் சொன்னான்? தெளிவாக விழுந்தது உன் முகம். உன் முகத்திலிருந்து ஒரு சாண் முன்னால் வந்து பார். அங்கே நிற்பது யார்?

நான்.

அந்த ஜன்னலுக்குள் நானும் இப்போது பார்த்துவிட்டேன். இரண்டாய் நிற்கிற முகத்தை ஒன்றாக்க எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பனி கொட்டுகிற பிற்பகலில் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த மனுஷன் பார்த்தது என் கண்ணை. உதட்டில் சிவப்பு வைத்திருந்ததையும் பார்த்திருப்பார். நாற்பத்து நாலு வருஷம் நான் வயிறெரிந்தது எனக்கென்று விழுந்த பார்வையைக் கண்டுதான். இதை எனக்குச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. நானும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ நம்பவும் மாட்டாய்.

நெகட்டிவை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் முகம் அதில் நன்றாகத்தான் இருக்கிறது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உன் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது. முழுப் படமாகப் பெரிதாக்கிக் கறுப்பு நாடா கட்டச் சொல். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, முன்னால் என்ன இது மங்கலாக, நெகட்டிவில் கறையா என்று கேட்பார்கள். "இவங்க எங்க பெரியம்மா. பெரியப்பா பாத்தது இவங்களைத்தான். அம்மா மேல தெளிவு தவறி விழுந்துடுச்சு" என்று மசாதோ ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும். இப்போதே சொல்லிப் பழகச் சொல்.

வெட்டிவிடலாம் என்று நினைக்காதே. சேதி வந்ததும் முதல் ரயிலில் ஏறிவிடுவேன். முன்வரிசையில் உட்காருவேன். உன்னை ஒரு தடவை நன்றாகப் பார்ப்பேன். மீதி நேரமெல்லாம் உனக்கு முன்னால் நிற்கிறவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா