காய்ச்சல் ஊசிப் பட்டியல்

ஆனி 6, வியாழன்
காலையிலேயே வெயில். வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவு. கப்பலில் வந்த புதுக் காய்ச்சல் கிளிநொச்சிவரை வந்துவிட்டதாம். அதற்கு ஊசி கொஞ்சம்தான். நெஞ்சு வருத்தம், குண்டிக்காய் (சிறுநீரகம்) வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும். பெயர் எழுத, கையெழுத்து அழகான பிள்ளை வேண்டுமென்று மருந்து தரும் அப்போதிக்கரி ஐயா பள்ளிக்கூடத்தில் கேட்டார். நான்!

நாலு கோடு அடித்தேன். பெயர், வயது, வருத்தம், காய்ச்சல் ஊசி முன்பு போட்டதா.

"ஓம், இல்லாட்டி இல்லை. கதை எழுதாதையும் பிள்ளை" என்றார் ஐயா.

பதினொரு வீடு. கடைசியாக எங்கள் வீடு. மலர், வயது பதினாலு, குண்டிக்காய். என் இரட்டை. எட்டு மாதமாகப் பள்ளிக்கூடம் இல்லை அவளுக்கு. அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் ஊசி போட்டதெல்லே? கை வீங்கி அழுதாளே."

ஓம் என்று எழுதினேன்.

ஆனி 8, சனி
சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டு. அமெரிக்காவில் ஒருவனுடைய குண்டிக்காயை எடுத்து அவனுடைய இரட்டைக்கு வைத்தார்களாம். இரட்டை என்பதால் உடம்பு ஏற்றுக்கொண்டதாம். மூன்று தரம் வாசித்தேன். மலரிடம் ஓட்டம்.

"என்ரையில ஒண்டு உனக்குத்தான்."

"பேனை கேட்டாலே தரமாட்டாய். குண்டிக்காய் தரப்போறாவாம்!"

சிரித்ததற்கே மூச்சு வாங்கினாள். கால் வீக்கம் கூட. உப்பில்லாச் சோறு, அதிலும் பாதி.

ஆனி 12, புதன்
ஊசி நாள். அப்பா மலரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்து, வெளியே மரத்தடியில் நின்றார். ஐயா பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். மலர் பெயர் வரவேயில்லை. உள்ளே போய்க் கேட்டேன்.

"முன்னம் போட்டது எண்டு நீர்தானே எழுதினீர்?"

"அது வெள்ளத்துக்குப் பிறகு போட்டது, ஐயா."

"அது நெருப்புக்காய்ச்சல் ஊசி, பிள்ளை. இது வேற காய்ச்சல், வேற ஊசி."

போத்தலைக் கவிழ்த்துக் காட்டினார். வெறும் போத்தல். மிஞ்சிய மருந்து வாய்க்கால் வேலை பார்க்கும் ஓவசியருக்குப் போயிருந்தது. கல்லுப்போல மனிதர், ஒரு வருத்தமும் இல்லை. சட்டைக்கையை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பட்டியல் தேவைப்படவில்லை.

அப்பாவிடம், "முன்னமே போட்டாச்சாம். போவம்" என்றேன். எனக்கு வெட்கம். அதனால்தான் அப்படிச் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

ஆனி 17, திங்கள்
வகுப்பில் பாதி வாங்கு காலியாம். எனக்குக் காய்ச்சல் வெள்ளி வந்தது, இன்று இல்லை. கொத்தமல்லித் தண்ணீர், மூன்று நாள், சரி. அதே காய்ச்சல் சனியன்று மலருக்கு. முகம் ஊதிக் கண் மறைந்துவிட்டது. நெஞ்சுக்குள் கறகறவென்று சத்தம். சலம் போகவில்லை. ஒரே வயிற்றில் கிடந்தோம்.

அவளுக்கு மட்டும் பட்டியல் கதையைச் சொன்னேன்.

கேட்டுவிட்டு மலர், "அம்மாவுக்குச் சொல்லாதை. அவா சொல்லித்தானே எழுதினனி. தாங்கமாட்டா."

ஆனி 19, புதன்
மலரைப் பெரியாஸ்பத்திரிக்கென்று நேற்று வவுனியா பஸ்சில் கொண்டுபோனார்கள். மாங்குளத்தோடு திரும்பினார்கள்.

ஆனி 20, வியாழன்
வீடு நிறையச் சனம். அம்மா எல்லோரிடமும், "ஊசி போட்டும் போயிட்டாளே என்ரை பிள்ளை" என்கிறார்.

பக்கத்து வீட்டுப் பறுவதமக்கா, அவருடைய மனுசனுக்கு நெஞ்சு வருத்தம், "அப்ப என்னத்துக்கு அந்த ஊசி? இனி வந்தாலும் எங்கடை மனுசனுக்கு வேண்டாம்" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள்.

சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மலரின் முகம் என்று.

மூடிக்கொண்டேன்.