போத்தல் மண்டையன் சொன்னதும் நீ சொன்னதும்

என் அன்பு மச்சான் சாபிருக்கு,

உன்னை அடக்கிய கப்ரடியில் நின்று சொல்லும் ஸலாத்தையே இங்கேயும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேல் உருக எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

நீ மவுத்தாகி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. உன்னை யுத்தம் கொல்லவில்லை. வெங்காயம் இறக்கிவிட்டுக் கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், முந்தலுக்குக் கிட்ட, டயர் வெடித்து லொறி புரண்டது. அவ்வளவுதான். ஆனாலும் வெளியூர்க்காரரிடம் சொன்னால், "இந்தக் காலத்துல..." என்று இழுத்து ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். யுத்த காலத்திலும் ஆட்கள் டயர் வெடித்துச் சாகிறார்கள் என்பதை ஏற்க ஒருவருக்கும் மனமில்லை. எனக்கு அந்தப் பெருமூச்சு தேவையில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் ஊர் மாம்புரியில் பலர் முன்னால் உன்னைப் புளுகன் என்றார்கள். அதனால் பதிலையும் பலர் படிக்கும்படி எழுதுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்த சங்கதிகளையே கொஞ்சம் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

அந்த நாட்களில் சனிக்கிழமை அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் எல்லோரும் ஜெமீல் ஹாஜியார் வீட்டு முன்னறையில் கூடுவோம். ஹாஜியாருக்கு மூன்று வள்ளங்களும் பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டீவி ஒன்றும் இருந்தன. கரண்ட் இல்லை. உன் லொறி பற்றரியைக் கழற்றி வந்து பூட்டுவோம். அப்போது ஓடிய ஓர் ஆங்கில விண்வெளித் தொடருக்குக் கீழே சிங்களத்தில் இரண்டு வரி எழுத்து ஓடும். எங்களில் பலர் சிங்களம் கதைப்போம். ஓடுகிற எழுத்தை ஓடுகிற வேகத்தில் படிக்கக்கூடியவன் நீ ஒருவன்தான். ரோட்டோரப் பெயர்ப்பலகைகளைப் படித்தே பழகியவன். பெட்டிக்கு முன்னால் பாயில் குந்தியிருந்து நீ தமிழில் சொல்வாய், நாங்கள் கேட்போம். டீவி திருத்தப் படித்தவன் என்ற பாவத்துக்கு, நான் பெட்டிக்குப் பின்னால் அன்டெனா வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

தொடரின் கப்டனை ஒருவருக்கும் பிடிக்காது. எங்களுக்கு வேண்டியது வில்லன். தலையில் கண்ணாடிக் கூடு மாட்டியிருப்பான். அவனுடைய உண்மையான பெயர் வாயில் நுழையாததால் நீதான் போத்தல் மண்டையன் என்று வைத்தாய். முழுத் தொடரிலும் அவன் வந்தது ஐந்தே தடவை. அந்த ஐந்தில் எது சிறந்தது என்று நாம் சண்டை பிடித்த நேரத்தைக் கூட்டினால், அவன் திரையில் நின்ற நேரத்தைப் போல நூறு மடங்கு வரும்.

"மொத வருகைதான்டா வருகை," என்பார் ஹாஜியார். "ஒரு கிரகத்துட தண்ணிய ஒட்ட வத்த வச்சுட்டு உப்ப மட்டும் உட்டுட்டுப் போனானே."

"உப்ப உட்டுட்டுப் போனது மடத்தனம், ஹாஜியார். உப்பு விளையுற புத்தளத்தான் ஒருத்தன் கூட இருந்திருந்தா அள்ளி வித்திருப்பான்," என்றாய் நீ.

நான் இரண்டாவது வருகையின் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். அதில் அவன் சிரிக்கவில்லை, கத்தவில்லை. கப்பலின் காற்றை ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டு போகிறான், அதுவும் சரியான ஒழுங்கில். எந்தச் சுவிட்சை முதலில் தொட வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்தத் தொடரிலேயே அவன் ஒருவன்தான். இதை நான் சொன்னபோது நீ முழு அறைக்கும் கேட்கச் சொன்னாய்: "ஒனக்கு வில்லன் வேணாம் மச்சான். ஒனக்கு வேண்டியது வயர்மேன்."

என் தங்கச்சி நஸீமா, பிறகு உன் மனைவியானவள், திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து மூன்றாவதுக்கு வாதாடுவாள். "அதுல அவன் தனிய இருந்து சாப்பிடுறான். ஆரோடயும் சண்டைக்குப் போகல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்திச்சு."

"போத்தலக் கழட்டாம எப்பிடிப் புள்ள சாப்பிட்டான்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"கழட்டினான் ஹாஜியார். நீங்க அந்த நேரம் சுருட்டுப் பத்த வெளிய போயிருந்தீங்க."

உன்னுடையது நான்காவது. அதற்கு நீ சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான், அது மூன்றாவதின் கடைசிக் காட்சியில் இருந்தது. கப்டன் அவனை ஒரு சின்னக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். கதவடியில் அவன் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்கிறான். நீ எங்களுக்குச் சொன்னாய்: "போயிட்டு வாறன் எண்டுறான்."

ஹாஜியார்தான் மெல்லச் சொன்னார், "வருவான். சொன்னவன் வருவான்." பல கிழமைகள் கழித்து அவன் வந்தான். கூட்டம் இல்லை, ஆயுதம் இல்லை, வெடித்துப்போன கண்ணாடிக் கூட்டோடு தனியாக வந்தான். "கப்டன்ட ஆக்கள் வாறம் எண்டு சொல்லிட்டு எத்தினை தரம் வராம உட்டாங்க?" என்று கேட்பாய் நீ. "சொன்ன சொல்லுக்கு வந்தவன் வில்லன் மட்டுந்தான்." ஐந்தாவதில் அவன் இரண்டு நிமிஷம்தான் வந்தான். அதை ஒருவரும் சேர்ப்பதில்லை.

இனி இப்போதைய செய்தி. மாம்புரிக்குக் கரண்ட் வந்துவிட்டது. உன் பற்றரி இல்லாமலே டீவி ஓடுகிறது. போன மாதம் நிமல் வந்தான். என்னோடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சிங்களப் பொடியன், முந்தலில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். நீ உயிரோடு இருக்கும்போது உங்களைச் சந்திக்க வைக்க நினைத்தேன், நடக்கவில்லை. அவன் அந்தத் தொடரை நேரே டீவியிலிருந்து வீடியோவில் பதிந்து வைத்திருந்தான். டெக்கையும் கசட்டையும் தூக்கிக்கொண்டு வந்து ஹாஜியார் வீட்டில் மூன்றாவதைப் போட்டான். கதவடியில் போத்தல் மண்டையன் திரும்பினான். கீழே இரண்டு வரி வந்தது. நிமல் சும்மா வாய்விட்டுப் படித்தான்: "மம யனவா. ஆயெ என்னே நேஹே."

நான் போகிறேன். இனி வரமாட்டேன்.

ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப சாபிர் சொன்னது? வாறன் எண்டல்லவா சொன்னான்? இத்தினை நாளா நம்மள வச்சுப் புளுகியிருக்கானே." எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த கிழமைக்குள் அது ஒரு பெயராகிவிட்டது. நஸீமா கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து இப்போதெல்லாம் கடைக்குப் போய்வருகிறாள். பேக்கரிக் கடையில் ஒருவன், "புளுகன்ட பொஞ்சாதிக்கு ஒரு றாத்தல் பாண் குடு," என்றானாம்.

அவள் பாணோடு நேரே என் வேலை மேசைக்கு வந்தாள். "நானா, அவர் புளுகினாரா இல்லையா? தெரிஞ்சாச் சொல்லு. ஆறுதல் சொல்ல மட்டும் வராத."

எனக்கு ஆறுதல் சொல்லவும் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் வேறொன்று பிடிபட்டது. மச்சான், இங்கேதான் நான் உன்னிடம் நேராக ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த நாளில் அந்தப் பெட்டியில் படத்தின் அடிப்பகுதி தெரியாது, ஞாபகமிருக்கிறதா? கீழே மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்பு. உள்ளே கண்டென்சர் என்ற விரல் நுனியளவுச் சாமான் ஒன்று காய்ந்துபோய்ப் படத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. எழுத்தின் இரண்டாவது வரி அந்தக் கறுப்புக்குள் போய்விடும். நீ படித்ததெல்லாம் முதல் வரி மட்டும்தான். மிச்சத்தை முகத்தைப் பார்த்து ஊகித்தாய். "கண்டென்சர மாத்து மச்சான், நான் பாதிக் கதைதான் சொல்றன்," என்று எத்தனை தரம் கேட்டாய்? "கொழும்பிலயும் ஸ்டொக் இல்ல," என்றேன். "எழுதித் தா, நான் தேடி வாங்கி வாறன்," என்றாய். எழுதித் தரவில்லை.

ஸ்டொக் இருந்தது. அதற்கு முன்னர் ஒருதரம் ரேடியோச் சாமான் பையோடு வந்தபோது ஆமிச் சோதனைச் சாவடியில் குண்டுச் சாமானோ என்ற சந்தேகத்தில் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி, வயர் நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் மேசையில் பரப்பி, இது என்ன இது என்ன என்று பின்னேரம் வரைக்கும் இருத்தி வைத்தார்கள். அடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கண்டென்சரைக்கூட நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறவில்லை. உன் லொறியில் வைத்து உன்னை மாட்டிவிடவும் மனம் வரவில்லை. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு ஸ்டொக் இல்லை என்றேன். ஆக அந்த அறையில் ஒரு புளுகன் இருந்தது உண்மை. அவன் பெட்டிக்குப் பின்னால் நின்றான்.

நீ போன பிறகு அதே ரகக் கண்டென்சரை நிமல் தன் சட்டைப்பையில் கொண்டுவந்து தந்தான். அதைப் பூட்டிய பிறகுதான் கறுப்பு போய், போன மாதம் இரண்டு வரியும் தெரிந்தன. சாவடியில் அவனை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அதைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

போன சனிக்கிழமை ஹாஜியார் வீட்டுக்கு எல்லோரையும் வரச் சொன்னேன். நிமலும் வந்தான். டீவியின் பின்மூடியைக் கழற்றினேன். புதுக் கண்டென்சரை எடுத்துவிட்டுப் பழையதை ஈயம் வைத்து ஒட்டினேன். நான் எதையும் எறிவதில்லை என்று நீ திட்டுவாயே, அந்தப் பழக்கம் உதவியது. கசட்டைப் போட்டேன். கதவடியில் அவன் திரும்பினான். 'மம யனவா' மட்டும் தெரிந்தது. அடுத்த வரி கறுப்புக்குள் போயிற்று.

"பாத்தீங்களா? இதத்தான் அவன் பாத்தான்," என்றேன். "கண்டென்சர மாத்தாம உட்டது நான். ஸ்டொக் இல்ல எண்டு பொய் சொன்னதும் நான். கடையில பேர் வைக்கிற எண்டா எனக்கு வைங்க."

ஹாஜியார் சும்மா விடுகிற ஆளா? "சரி, ரெண்டாவது வரி தெரியல்ல. மொத வரி தெரிஞ்சிதானே? போறன் எண்டு இருக்கு. வாறன் எண்டு எங்க இருக்கு? அத அவன் போட்டதுதானே?"

நிமல் தன் தமிழில் குறுக்கிட்டான். "ஹாஜியார், நாங்களும் வீட்டுல இருந்து போற நேரம் யனவா சொல்ற இல்ல. கிஹில்லா என்னங் எண்டுதான் சொல்ற. போய் வாறன் எண்டு."

"அது வீடு. இது வில்லன். வில்லனுக்கு என்ன முறை?" ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "பொடியனுகளோட கதைச்சு வெல்ல ஏலா. எனக்கு வள்ளத்தடியில வேலையிருக்கு. நான் போயிட்டு வாறன்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து நஸீமாவின் குரல் வந்தது. "ஹாஜியார், வாறன் எண்டு எங்க இருக்கு? நீங்க போட்டதா?"

நிமல்தான் முதலில் சிரித்தான். ஹாஜியார் வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றார். பிறகு திரும்பிவந்து அதே கதிரையில் இருந்தார். "அவன் புளுகன் இல்ல," என்றார். "கடையில நானே சொல்றன்." அடுத்த நாள் சொன்னார். பாண் வாங்க நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

நீ அந்தக் கடைசி நாள் விடிய லொறி ஏறும்போதும் நஸீமாவிடம் போயிட்டு வாறன் என்றுதான் சொல்லியிருப்பாய். அதை வைத்து நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமையே, கதிரையில் இருந்தபடி, ஹாஜியார் இன்னொன்றும் சொன்னார். "பாவம், சாபிர் மவுத்தாப் போன புள்ள. அவனுக்காக நாலாவதுதான் சிறந்தது எண்டு முடிச்சு உட்டுருவம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மவுத்தானவனுக்குப் பிச்சையாக வெற்றி போடுவது என்ன மரியாதை? நீ இருந்திருந்தால் அதை வாங்கியிருப்பாயா? "சொன்ன சொல்லுக்கு வந்தான் எண்டது போச்சு. அவன் வரமாட்டன் எண்டுதான் சொன்னான். அப்ப நாலாவதுக்குக் காரணமே இல்ல. ரெண்டாவதுதான் மேல்," என்றேன். கிடத்தியிருந்த உன் மையித்துக்கு முன்னால் அழாதவன், உன் வாதத்துக்கும் இரக்கம் காட்டவில்லை என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள்.

நஸீமா சுளிக்கவில்லை. அவள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து டீவிக்கு முன்னால் நின்றாள். மூன்றாவதின் கட்சிக்காரி அவள். ஆனால் அன்றைக்கு உன் கட்சியில் நின்றாள்.

"வாறன் எண்டு சொல்லிட்டு வாறது பெரிய காரியமா நானா? அது கடமை. இவன் வரமாட்டன் எண்டு சொன்னவன். போன எடத்திலயே இருந்திருந்தா ஒருத்தரும் அவனக் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. அப்பிடியிருந்தும் வெடிச்ச கூட்டோட வந்தானே. எப்பிடியெண்டாலும் நாலாவதுதான் மேல். அவர் சொன்னதுக்கும் மேல்."

அறை முழுக்க என்னைப் பார்த்தது. வால்வு, சுவிட்ச் என்று ஏதோ தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது. ஹாஜியார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னார்.

ஒரு கிழமையாக யோசிக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. இது உனக்குப் பெரிய சிரிப்பாக இருக்கும் என்று தெரியும்.

ஆனால் ஒன்றை இந்தக் கடிதத்தைப் படிக்கும் எல்லோரையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன். நீ போய்விட்டாய் என்பதற்காக நான் தோற்றுப்போகமாட்டேன். நாலாவதை நீயே நேரில் வந்து சொன்னாலும் மறுப்பேன், நஸீமா சொன்னாலும் மறுப்பேன். பதிலைக் கண்டுபிடித்ததும் முதலில் அவளிடம் சொல்வேன், பிறகு வெள்ளிக்கிழமை உன் கப்ரடிக்கு வந்து உரத்துச் சொல்வேன். அவள் அதையும் உடைத்தால் மறுபடியும் வருவேன். இந்தச் சண்டையை உன் பெயரால் முடித்து வைக்க ஒருவரையும் விடமாட்டேன்.

உன்னோடு இன்னும் ஒத்துப்போகாத,
உன் மனைவியின் நானா,
உன் மச்சான் இர்ஷாத்