வெளியூரில் இருப்பதற்கான காசு

பெனல்லி விரிகுடா, நியூஃபவுண்ட்லாந்து
ஜூன் 9

அன்புள்ள லியாண்டருக்கு,

நானும் நம் மகள் பெர்னிஸும் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? நம் கூரை ஒழுகியது. பக்கத்து வீட்டு ஆம்புரோஸ் ஏறி அடைத்துக் கொடுத்தார்.

வரி அலுவலகம் கேட்டிருந்ததைப் போனில் சொன்னேன், "அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாய். கம்பெனி உனக்குத் தரும் பயணப்படியும் ஆல்பர்ட்டா முகாமில் தங்கும் செலவும் வருமானமா, அதற்கும் வரி உண்டா என்பதுதான் கேள்வி. வரி உண்டென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். உனக்காகப் பேச என் பெயரைக் கொடுத்திருந்தாய் அல்லவா, செவ்வாயன்று வரி அதிகாரி போனில் என்னையே அழைத்தாள்.

அன்று காலைதான் விரிகுடாவுக்குள் ஒரு பனிமலை மிதந்து வந்து நின்றது. மாதா கோயிலைவிட உயரம், அடியில் நீல வெளிச்சம். "உன் புருஷன் அங்க எண்ணெய்க்காக மண்ணத் தோண்டுறான், இங்க மலையே வீடு தேடி வருது பாரு" என்று ஆம்புரோஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் கடைசியா எப்ப வந்தாரு?" என்றாள் அதிகாரி. போன ஜூலையில் என்றேன். "அதுக்கப்புறம்?" என்றாள். அந்த நேரத்தில் மலையின் ஒரு பக்கம் பிளந்து கடலில் விழுந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. "ஐயோ, அங்க என்னம்மா சத்தம்?" என்று பதறினாள். சொன்னேன். "கொஞ்சம் போனை வெளியில காட்டுறீங்களா?" என்றாள். மலை மெல்லப் புரண்டு, யாரும் பார்த்திராத தன் அடிப்பக்கத்தை மேலே காட்டியது. அதன் மேலிருந்து தண்ணீர் வழிந்த ஓசையை, எங்கோ ஒரு நகரத்து அலுவலகத்தில் இருந்தபடி அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு தணிந்த குரலில் சட்டத்தைச் சொன்னாள். தூரத்து வேலையிடத்தில் இருப்பவனுக்கு ஊரில் அவனுடைய வீடு ஒன்று இருந்தால், வேலையிடத்தில் தங்கவும் வந்துபோகவும் கம்பெனி தருவது வருமானம் ஆகாதாம். "வீட்ட விட்டு இருக்கறதுக்கான செலவும்மா அது, சம்பாத்தியம் இல்ல" என்றாள். லியாண்டர், எனக்கு மயிர் கூச்செறிந்தது. பிரிந்திருப்பதை லாபக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது!

கடைசியாக, "இன்னும் இதுதான் அவர் வீடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வரி இல்லை என்று முடித்துவிட்டாள்.

பெர்னிஸ் உனக்கு முத்தம் தரச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னோடு இருக்கட்டும். உன்னைக் கேட்காமலே ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானா என்று ஒருமுறை நேரில் வந்து சொல்.

உன்,
டல்சி